பழைய பத்திரத்தில் எழுத்து ஓடவில்லையா? தடுக்கும் இடம் பார்த்து ஒரு வழிமுறை

மூன்று தலைமுறைக்கு முந்தைய ஆளைத் தேடிப் போகிறவர்களுக்குக் கடைசியில் கையில் சிக்குவது பெரும்பாலும் ஒரு நிலப் பத்திரம்தான். பிறந்த தேதியை யாரும் குறித்து வைத்திருக்க மாட்டார்கள், போட்டோவும் இருக்காது. அரை மா நிலத்தை விற்ற காகிதம் மட்டும் தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கும். அதில் தகப்பன் பெயர், ஊர், அண்ணன் தம்பி பங்கு, சில சமயம் பாட்டி பெயர்கூட இருக்கும். படிக்கத்தான் வராது.

கீழே இருப்பது சுமார் 1860 முதல் 1940 வரை தமிழில் கையால் எழுதிய கிரயம் (விற்பனை), ஒத்தி (அடமானம்), பாகப்பிரிவினை, உயில், வரி ரசீது போன்றவற்றுக்கானது. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. எங்கே தடுக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒன்று மட்டும் எல்லாவற்றுக்கும் பொது: பெயரை முதலில் தேடாதீர்கள். பத்திரத்திலேயே ஊகிக்க முடியாத சொல் அதுதான். எழுதினவரின் கையை, அதாவது கையெழுத்தை, முதலில் பழகிக்கொண்டால் பெயர் பின்னால் வரும்.

பக்கம் முழுக்க ஒரே சுழிப்பு, ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை

முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கியிருப்பீர்கள். அங்கேதான் தேதி, ஜில்லா, தாலுகா, மரியாதை அடைமொழி, இரண்டு தரப்புப் பெயர்கள் எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். அதை விட்டுவிட்டுப் பத்திரத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்குக்குப் போங்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் வாய்ப்பாடு, அதாவது பத்திரத்துக்குப் பத்திரம் மாறாமல் வரும் வாசகம். கிரயப் பத்திரம் என்றால் “சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்”, “புத்திர பௌத்திர பாரம்பரியமாய்”, “தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்” ஆகிய மூன்றில் ஒன்றாவது இருக்கும். என்ன சொல் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு எழுத்தைப் பார்க்கிறீர்கள் என்பதே இதில் லாபம்.

“புத்திர பௌத்திர பாரம்பரியமாய்” என்ற ஒரே தொடரில் ப, த, ர, ம, ய, கால், கொம்பு எல்லாம் கிடைத்துவிடும். எழுதினவர் ‘ய’வை எப்படிச் சுழிக்கிறார், ‘ம’வுக்கும் ‘ய’வுக்கும் வித்தியாசம் வைக்கிறாரா, ‘த்தி’யை ஒரே இழுப்பில் எழுதுகிறாரா என்று பாருங்கள். போனில் எடுத்த படத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தையும் வெட்டி ஒரு தாளில் ஒட்டி, பக்கத்தில் அச்செழுத்தை எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு எழுத்து சேர்ந்ததும் மேலே போனால், ஒரு மணி நேரத்துக்கு முன் வெறும் கோடாக இருந்த முதல் வரி பாதி திறந்திருக்கும்.

இந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். பத்திரத்தின் அடியில் எழுதினவர் பெயர் இருக்கும். ஒரு வட்டாரத்தில் ஒரே ஆள் பல வருடம் பத்திரம் எழுதியிருப்பார். வீட்டில் பத்துப் பத்திரம் இருந்தால் தேதி வாரியாக அடுக்காமல் எழுதினவர் வாரியாக அடுக்குங்கள். வேலை பாதியாகும்.

எழுத்து தெரிகிறது, சேர்த்துப் படித்தால் அர்த்தம் வரவில்லை

புள்ளி இல்லை என்பதுதான் காரணம். ஓலையில் எழுதிப் பழகிய கை காகிதத்துக்கு வந்த பிறகும் புள்ளி வைக்கவில்லை. ‘கநதன’ என்றால் கந்தன். ‘முததையா’ என்றால் முத்தையா. இது சீக்கிரம் பழகிவிடும்.

அடுத்ததுதான் ஆளைச் சுற்றலில் விடும். எ-ஏ, ஒ-ஓ வேறுபாடும் பெரும்பாலான கைகளில் கிடையாது. இரட்டைச் சுழிக் கொம்பை 18ஆம் நூற்றாண்டிலேயே வீரமாமுனிவர் அறிமுகப்படுத்தினாலும், ஊர்க் கணக்கர்களின் எழுத்தாணிக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. ‘வெலன’ என்றால் வேலன். இதோடு காலுக்கும் ‘ர’வுக்கும் வித்தியாசம் இல்லாத கையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பெயருக்குப் பின்னால் வரும் சேர்வை என்ற பட்டத்தில் கொம்பு ஒற்றையாகிறது, ‘ர்’ மேலுள்ள புள்ளி போகிறது, ‘செரவை’ என்று நிற்கிறது. அந்த ‘ர’ காலைப் போலவே இருந்தால் கண் அதை ‘சொவை’ என்றுதான் படிக்கும். பெயருக்குப் பின்னால் ‘சொவை’ என்று ஒன்று நின்றால் அது வீட்டுப் பெயரா, ஊர்ப் பெயரா என்று தேடி அலைய வேண்டாம். அதேபோல ‘பேர்’ என்பது ‘பொ’ ஆகத் தெரியும்.

சோதித்துப் பார்க்கும் முறை எளிது. புரியாத சொல்லில் ஒவ்வொரு காலையும் ‘ர’ என்று ஒரு தடவை, ‘ர்’ என்று ஒரு தடவை மாற்றி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும். பேச்சு வழக்கிலேயே எழுதினவர்கள் நிறைய. ‘வித்து’ என்று இருந்தால் விற்று.

ஓலையாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. வரி முடிவில் இடம் போதாமல் கொம்பு மட்டும் இந்த வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் கிடக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இருக்காது.

ஒன்றிரண்டு எழுத்து தமிழாகவே தெரியவில்லை

லை, னை, ணை, ளை ஆகியவற்றுக்குத் தலைக்கு மேல் தும்பிக்கை வைத்த பழைய வடிவம்தான் பெரும்பாலும். ணா, றா, னா ஆகியவையும் கால் தனியாக நிற்காமல் கீழே சுழித்துக்கொண்டு போகும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த அரசாணை வரும்வரை பள்ளிப் புத்தகத்திலும் இப்படித்தான் இருந்தது. வீட்டில் அறுபது தாண்டியவரிடம் நீட்டினால் ஒரு நொடியில் படித்துவிடுவார். ஒரு மேஜிக்கும் இல்லை.

நடுநடுவே தனி எழுத்துகள் அர்த்தமில்லாமல் நிற்கின்றன

அவை எண்கள். தமிழ் எண்ணில் ௧ பார்வைக்கு க, ௨ உ, ௩ ங, ௪ ச, ௫ ரு, ௭ எ, ௮ அ. ௬ ‘சு’ போலவும் ௯ ‘கூ’ போலவும் இருக்கும். பத்து ௰, நூறு ௱, ஆயிரம் ௲. பழைய முறையில் பூஜ்யம் கிடையாது. 1891 என்பதை ௲௮௱௯௰௧ என்று எழுதுவார்கள்: ஆயிரம், எட்டு நூறு, ஒன்பது பத்து, ஒன்று. ௱௨௰௫ என்றால் நூற்று இருபத்தைந்து. 20ஆம் நூற்றாண்டுக்குப் பக்கத்தில் வந்தால் ௧௯௦௩ என்று பூஜ்யத்தோடு இடமதிப்பில் எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். ஒரே பத்திரத்தில் இரண்டு முறையும் கலந்து வருவதும் உண்டு.

வேகமான கையில் ௧வும் ௪வும் குழம்பும், ௬வும் ௯வும் குழம்பும். இதற்குத் தனியாக அட்டவணை தேட வேண்டாம். பத்திரமே சாவி கொடுக்கும். கிரயத் தொகையை எண்ணிலும் எழுத்திலும் இரண்டு தடவை எழுதுவது வழக்கம். எழுத்தில் உள்ள ‘நூற்று இருபத்தைந்து’ என்பதைப் படித்துக்கொண்டு பக்கத்திலுள்ள எண்ணைப் பார்த்தால் அந்தக் கையின் ௨, ௫ எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும்.

எண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும் குறிகள்: ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௹ ரூபாய், ௸ மேற்படி, ௷ வரவு, ௶ பற்று. கை எழுத்தில் இவை அச்சில் உள்ள அளவுக்கு லட்சணமாக இருக்காது. எண்ணுக்குப் பின்னால் வால் நீண்ட ஒரு கிறுக்கல் வந்து, அடுத்து மாதப் பெயர் வந்தால் அது ௵ என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தாளின் உச்சியில் தனியாக ஒரு ‘உ’ இருந்தால் அது இரண்டாம் பக்கம் என்று பொருளல்ல, பிள்ளையார் சுழி. முதல் பக்கம் தொலைந்துவிட்டது என்று பதறாதீர்கள்.

பங்குக் கணக்கு புரியவில்லை

பொறுமையாகப் பாருங்கள், குடும்ப வரலாற்றுக்கு இது தங்கச் சுரங்கம். முழுச் சொத்தைப் பதினாறு அணாவாக வைத்துக்கொண்டு பங்கு சொல்வது வழக்கம். நாலணா பங்கு என்றால் கால் பாகம். வீசம் என்றால் பதினாறில் ஒன்று, அதாவது ஓரணா. “எனக்குள்ள 5 அணா 4 பை பங்கு” என்று இருந்தால் குழம்ப வேண்டாம். ஓர் அணாவுக்கு 12 பை. 5 அணா 4 பை என்பது 64 பை. பதினாறு அணாவுக்கு 192 பை. சரியாக மூன்றில் ஒரு பங்கு. எங்கோ ஒரு தலைமுறையில் மூன்று பேர் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வம்ச மரத்தில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் மூன்றாமவரைத் தேட ஆரம்பியுங்கள். வாரிசு இல்லாமல் போனவராக இருக்கலாம், ஊரை விட்டுப் போனவராகவும் இருக்கலாம்.

பின்னங்களில் மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. காலைக் குறிக்கும் எழுத்து ‘வ’. “எட்டேகால் லட்சணமே” என்று அவ்வை சொன்னதாக வரும் வசை நினைவிருந்தால் இது மறக்காது. எட்டு அ, கால் வ, சேர்த்தால் ‘அவ’, அதாவது அவலட்சணமே. தஞ்சாவூர்ப் பக்கம் மா என்பது நில அளவாகவும் வரும்: நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. பங்கு மாவா, நில மாவா என்பதை அடுத்து வரும் சொல் சொல்லும்.

தேதி தெரிகிறது, எந்த ஆங்கில வருடம் என்று தெரியவில்லை

அறுபது வருடச் சுற்றில் ஒரு பெயர் மட்டும் கொடுத்திருப்பார்கள். தாது வருஷம் என்றால் 1876-77 ஆகவும் இருக்கலாம், 1936-37 ஆகவும் இருக்கலாம். முந்தையதுதான் ஊரெல்லாம் சொல்லும் தாது வருஷப் பஞ்சம். எது என்று பிரித்தறிய மூன்று வழி வைத்திருக்கிறேன், இந்த வரிசையில்.

முதலில் தாளைத் திருப்புங்கள். பதிவான பத்திரம் என்றால் பின்புறம் சார்பதிவாளரின் குறிப்பு ஆங்கிலத் தேதியோடு இருக்கும். எழுதின நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். ஆகவே அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கொஞ்ச தூரம் போனால் போதும்.

பின்புறம் வெறுமையாக இருந்தால் ஸ்டாம்ப் பேப்பரில் அச்சடித்த ராஜா, ராணி தலையைப் பாருங்கள். விக்டோரியா என்றால் 1901 வரை, ஏழாம் எட்வர்ட் 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை, அதற்குப் பின் ஆறாம் ஜார்ஜ். கையிருப்பு தீரும்வரை பழைய தாள் ஓடும் என்பதால் ஓரிரு வருடம் முன்பின் விடுங்கள்.

மூன்றாவது கிழமை. சோமவாரம், சுக்கிரவாரம், மந்தவாரம் என்று எழுதியிருந்தால் திங்கள், வெள்ளி, சனி. பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் தவறான வருடம் தானாக விழுந்துவிடும்.

கிழமை கட்டாயம் வேண்டியிருக்கும் இடம் ஒன்று உண்டு. வருடப் பெயரைப் பாதியில் வெட்டி எழுதும் எழுத்தர்களிடம் ஏவிளம்பி (1897-98), விளம்பி (1898-99) இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். சர்வசித்து (1887-88), சர்வதாரி (1888-89) இரண்டும் அப்படியே. இரண்டிலும் தாளில் விக்டோரியாதான். அடுத்தடுத்த வருடங்களில் அதே தேதி ஒரு கிழமையோ இரண்டு கிழமையோ தள்ளி விழும் என்பதால் கிழமை ஒன்றுதான் தீர்ப்புச் சொல்லும். விரோதி (1889-90), விரோதிகிருது (1911-12) அல்லது குரோதி (1904-05), குரோதன (1925-26) குழப்பம் என்றால் தாளில் உள்ள தலையே போதும்.

வருடம் கிடைத்ததும் மாதத்தைப் பாருங்கள். சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி அடுத்த ஆங்கில வருடத்தில் விழும். பிலவ வருஷம் தை மாதம் என்றால் 1901 அல்ல, 1902. ‘ஆனி 32’ என்று படித்தால் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று சந்தேகப்பட வேண்டாம், ஆனிக்கு 32 நாள் வரும்.

வருடம் 1070 போலவோ 1310 போலவோ நின்றால் அது வேறு கணக்கு. நாஞ்சில் நாடு, நெல்லைப் பக்கம் கொல்லம் ஆண்டு புழங்கியது. ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரிக்குப் பின் 825 கூட்டுங்கள். வரி ரசீதிலும் ஊர்க் கணக்கிலும் பசலி எனப்படும் வருவாய்க் கணக்கு ஆண்டு. ஜூலை 1 முதல் டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591 கூட்டுங்கள். பசலி 1300 என்பது 1890 ஜூலையில் தொடங்கியது.

விற்றவர் யார், வாங்கினவர் யார் என்று தலைகீழாக வருகிறது

பழைய வாசகம் இப்படிப் போகும்: இன்ன கிராமத்திலிருக்கும் முத்தையா குமாரர் ராமசாமிக்கு மேற்படி ஊர் கந்தன் குமாரர் வேலன் எழுதிக்கொடுத்த சுத்தக்கிரய சாசனம் என்னவென்றால். முதலில் வருபவர் வாங்குகிறவர். ‘க்கு’ எந்தப் பெயரில் ஒட்டியிருக்கிறது என்பதே முடிவு. முதலில் வரும் பெயர்தான் சொத்துக்காரர் என்று எடுத்துக்கொண்டு வேறு குடும்பத்தின் வம்சத்தைத் தொடர்ந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லைக்கும் இதே எச்சரிக்கை. செக்குபந்தியில் (நான்கு எல்லை சொல்லும் பகுதியில்) “ராமசாமி நிலத்துக்குக் கிழக்கு” என்றால் ராமசாமி கிழக்கே இருக்கிறார் என்று அர்த்தம் இல்லை. அவர் நிலத்துக்குக் கிழக்கே நம் நிலம் இருக்கிறது, ஆகவே அவர் நமக்கு மேற்கே. நான்கு எல்லையையும் ஒரு கட்டம் போட்டு எழுதிவிடுங்கள். பாகம் பிரித்த நிலம் என்றால் பக்கத்து நிலத்துக்காரர் பங்காளியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பத்திரத்தின் முகப்பில் பெயர் வராத சித்தப்பா எல்லையில் வந்து நிற்பார்.

எல்லாருக்கும் ஒரே இனிஷியல், ஒரே பெயரில் இரண்டு பேர், புரியாத ஒரு பட்டம்

ம.ரா.ரா.ஸ்ரீ என்பது இனிஷியல் இல்லை, மகாராஜராஜஸ்ரீ என்ற மரியாதை. சில கைகளில் அது ஒரே இழுப்பாகச் சுருண்டு கிடக்கும். ஆனால் செட்டிநாட்டு ஏடுகளில் ராம., பழ., சித. என்று அடுக்கி வந்தால் அவற்றை உதறிவிடாதீர்கள். விலாசம் எனப்படும் அந்த அடுக்கு முன்னோர் பெயர்களின் சுருக்கம்.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வீட்டில் ‘ராமசாமி குமாரர் முத்தையா’வும் ‘முத்தையா குமாரர் ராமசாமி’யும் மாறி மாறி வருவார்கள். தேதியை வைத்தே பிரிக்க முடியும். ‘சுவீகார புத்திரன்’ (தத்துப் பிள்ளை) என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். அது இருந்தால் தகப்பன் பெயர் இரண்டாகும், சொத்து ஒரு வழியிலும் ரத்தம் ஒரு வழியிலும் போயிருக்கும்.

‘ஷை’ அல்லது ‘ஷெ’ என்றால் மேற்படி. ‘ஷையூர்’ என்றால் மேலே சொன்ன அதே ஊர். கடைசியில் பெயருக்குப் பக்கத்தில் ‘தற்குறி’ அல்லது ‘கீறல்’ என்று இருந்தால் அது குடும்பப் பெயர் இல்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவர் இட்ட அடையாளம். அங்கே பெயரை எழுதியது எழுத்தர், ஆகவே எழுத்துக்கூட்டலும் அவருடையது. பெண்கள் பெரும்பாலும் ‘இன்னார் பாரியாள்’, ‘இன்னார் குமாரத்தி’ என்று வருவார்கள். பாரியாள் மனைவி, குமாரத்தி மகள்.

தமிழே இல்லை

தஞ்சை மராட்டியர் ஆட்சி 1676 முதல் 1855 வரை நடந்தது. அந்த அரண்மனைத் தொடர்புடைய காகிதம் என்றால் மராத்தியை எழுதும் மோடி எழுத்தாக இருக்கலாம். பக்கத்தின் குறுக்கே முதலில் நீளக்கோடு இழுத்து அதில் எழுத்தைத் தொங்கவிட்டிருப்பார்கள். அதற்குத் தெரிந்தவரைத்தான் நாட வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளில் அரபி போலத் தெரிவது அறபுத் தமிழாக இருக்கலாம். எழுத்து அரபி, மொழி தமிழ். அரபி எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் வாய்விட்டுப் படித்தால் நீங்கள் கேட்டே புரிந்துகொள்ளலாம். கத்தோலிக்கக் கோயில் ஞானஸ்நானப் புத்தகங்கள் லத்தீனில் இருக்கும். பெயருக்கு லத்தீன் வால் முளைத்திருக்கும். ‘அந்தோனியுஸ்’ என்றால் அந்தோணி. ‘ஃபிலியுஸ் அந்தோனீ’ என்றால் அந்தோணியின் மகன், ‘ஃபிலியா’ என்றால் மகள்.

மை மங்கிவிட்டது

தண்ணீர் தொடாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். பகல் வெளிச்சத்தில் பிளாஷ் இல்லாமல் படம் எடுத்து, படத்தின் நீல அடுக்கை (blue channel) மட்டும் பிரித்து கான்ட்ராஸ்ட்டைக் கூட்டுங்கள். பழுப்பேறிய இரும்பு மை நீலத்தில் கறுத்துத் தெரியும். மசி உதிர்ந்த ஓலை என்றால் பக்கவாட்டிலிருந்து சாய்வாக வெளிச்சம் விடுங்கள், கீறல் நிழலாக எழும்பும்.

வீட்டுப் பத்திரத்தில் ஒரு பெயர், பதிவு நகலில் வேறு பெயர்

அலுவலகப் புத்தகத்தில் இருப்பது குமாஸ்தா கையால் பார்த்து எழுதியது. நாம் தடுமாறின இடத்தில் அவரும் தடுமாறியிருக்கலாம். மூலத்துக்கே முதல் இடம். மூலம் கிழிந்த இடத்துக்கு நகல் துணை. வெளுக்கும் முன் எழுதப்பட்டது என்பதால் மங்கிய வரிகளுக்கும் நகல் உதவும்.

எல்லாம் படித்தாயிற்று, ஒரு பெயர் மட்டும் நிற்கிறது

அதே ஆள் வேறு எங்கே வருவார் என்று தேடுங்கள்: அடியில் சாட்சியாக, பக்கத்து நிலப் பத்திரத்தின் எல்லையில், அடுத்த விற்பனையில் “எனக்கு இன்னாரிடமிருந்து கிரயமாய்ப் பாத்தியப்பட்ட” என்ற வரியில். அங்கே வேறு கை எழுதியிருக்கும், திறந்துகொள்ளும். அப்படியும் வரவில்லை என்றால் படத்தை இன்னொருவரிடம் கொடுங்கள், உங்கள் ஊகத்தைச் சொல்லாமல். சொல்லிவிட்டால் அவருக்கும் அதுவே தெரியும். அதற்குப் பிறகும் பிடிபடவில்லையா? உங்கள் பிரதியில் மு[..]ன் என்று தெரிந்த எழுத்தை மட்டும் எழுதி, தெரியாததற்குப் புள்ளி வைத்து, வரி எண்ணையும் படத்தின் பெயரையும் பக்கத்தில் குறித்துவிட்டு அடுத்த பத்திரத்தை எடுங்கள்.